பூஜ்ஜியம் கொடுத்தால்

"நாட்கள்: ஓர் எண்."
கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
அவ்வளவுதான் இருந்தது.
பழைய கோப்புகளை எத்தனை நாள் விட்டுவைக்கலாம்
என்று கட்டளை கொடுக்கும் இடம்.
ஏழு கொடுத்தால் ஏழு நாள்,
முப்பது கொடுத்தால் முப்பது.
பூஜ்ஜியம் கொடுத்தால்?

என்றைக்குமே அழிக்காது, என்றான் காமத்.
எல்லாவற்றையும் அழித்துவிடும், என்றாள் லியோனா.
நிரலை எழுதியவன் போன ஆடியிலேயே
வேலையை விட்டு ஹைதராபாத் போய்விட்டான்.
வாட்ஸப்பில் கேட்டதற்கு
ஒரு சிரிக்கும் முகம் அனுப்பினான்.

"யார் பூஜ்ஜியம் கொடுக்கப் போகிறார்கள்?"
மேலாளர் பெள்ளியப்பா கேட்டார்.
"இப்போதே நூற்றிருபது பக்கம்.
எவன் படிக்கிறான்?"
நியாயம்தான்.
வாஷிங் மெஷினோடு வந்த புத்தகத்தை
ஜன்னல் கதவு ஆடாமலிருக்க
மடித்துச் செருகி வைத்திருப்பவள் நான்.

எதிர்ப்பக்கத்து தர்ஷினியில்
விலைப்பலகையில் பாதிக் காபி கிடையாது.
ஒன் பை டூ என்றால் தலை நிமிராமலே
சீட்டுக் கிழிப்பார் கல்லாக்காரர்.
ஒருநாள் விளையாட்டாக
ஒன் பை ஃபைவ் என்றேன்.
நிமிர்ந்தார்.
என்னையும் சேர்த்து ஐந்து பேரை
ஒருமுறை கண்ணால் எண்ணினார்.
ஒரு காபியும் நாலு வெறும் தம்ளரும் வந்தன.

பலகையில் இல்லாததற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.
கறுப்புத் திரைக்குப் பின்னால் யாருமில்லை.
துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கட்டம்
எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

எட்டரைக்கு எல்லாரும் கிளம்பியபின்,
பெள்ளந்தூர் ஏரியின் வாடை
ஜன்னல் இடுக்கில் நுழையும் நேரம்,
சோதனைக் கணினியில்
ஆயிரம் போலிக் கோப்புகளை அடுக்கி
பூஜ்ஜியம் கொடுத்தேன்.
உறுதியாகத்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.
விசையிலிருந்து விரலை எடுக்குமுன்
ஆயிரமும் போயிருந்தன.
காமத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.

அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.
மைனஸ் ஒன்று கொடுத்தேன்,
நாளை பிறக்கவேண்டிய கோப்பைத் தேடி
நின்ற இடத்திலேயே சுற்றியது.
ஒன்றரை கொடுத்தேன்,
என்னிடம் சொல்லாமல் ஒன்றாக்கிக்கொண்டது.
ஏழு என்று எழுத்தில் கொடுத்தேன்:
எல்லாம் போயிற்று.
௭ என்று கொடுத்தேன்:
எல்லாம் போயிற்று.
ஒன்றுமே கொடுக்காமல் தட்டினேன்:
போயிற்று.

யாரும் பூஜ்ஜியம் கொடுக்க வேண்டியதில்லை, பெள்ளியப்பா.
தனக்குப் புரியாததெல்லாம்
அதற்குப் பூஜ்ஜியம்தான்.

பதினாறு வரி எழுதினேன்.
அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள்,
பிறகு எதற்கு எழுத்து என்றார்.
அடுத்த பதிப்பு தையில்.
தை வரைக்கும் யார் அந்தக் கட்டத்தின் முன்னால்
உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தவர்
மூன்று வரியை விட்டுவைத்தார்:
பூஜ்ஜியத்துக்கு ஒன்று,
எழுத்துக்கு ஒன்று,
காலியாக விடுவதற்கு ஒன்று.
அதிலும் முதல் வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

௭ பற்றிய வரியை அவர் அடிக்கவில்லை.
அவரிடம் போகுமுன் நானே எடுத்துவிட்டேன்.
யார் கொடுக்கப் போகிறார்கள்?

இப்போது தினமும் ஐந்நூறு டி-யில்
எனக்கு எதிர் இருக்கையில்
அவர் உட்கார்ந்து வருகிறார்,
மடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு.
மாரத்தஹள்ளிப் பாலத்தில்
அரைமணி நேரமாக வண்டி நகரவில்லை.
அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது.