முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை,
ஜாதகம் மட்டும் தயார்.
திரை ஏழு அங்குலம்.
நொடிக்குத் தொண்ணூறு முறை புதுப்பித்துக்கொள்ளும்.
நினைவகம் பன்னிரண்டு ஜிபி.
பேட்டரி, இரண்டு முதல் ஆறரை மணி நேரம்.

அந்த ‘முதல்’ என்ற சொல்லை
ஹிராபுகி மிஸுஎ நான்கு முறை அழித்து
நான்கு முறையும் திரும்பத் தட்டினாள்.
இரண்டுக்கும் ஆறரைக்கும் நடுவே
ஓர் ஊரையே குடிவைக்கலாம்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சுவா ஏரி
பாதி உறைந்து, பாதி யோசித்துக்கொண்டு.

விசிறிக்கென்று எதிரொலி இல்லாத ஓர் அறை உண்டு.
உள்ளே போகிறவருக்கு
முதலில் கேட்பது சொந்த ரத்தம்,
அது பழகிய பிறகுதான் விசிறி.
இருபத்தொரு டெசிபல் என்று எழுதினாள்.
யார் காதுக்கு என்று எழுத இடமில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு கட்டைவிரல்,
கையில்லாத விரல்,
இரவும் பகலும் குமிழைச் சுழற்றுகிறது.
இருபது லட்சம் சுற்று அதன் இலக்கு.
சிலிகான் தோல் வாரத்துக்கு ஒன்று தேய்கிறது.
திங்கள் காலை புதுத் தோல் மாட்டும் ஒனோதெரா
அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.
“வைத்தால் சனிக்கிழமை நிறுத்த
மனசு வராது.”

எடைதான் தகராறு.

இன்னும் முப்பத்து மூன்று கிராம் கொடுங்கள்,
நாற்பது நிமிடம் தருகிறோம்
என்றது பேட்டரி அணி.
முப்பத்து மூன்று கிராம் என்றால்
அரை முட்டைக்குக் கொஞ்சம் மேலே.
மூன்று மணி நேரம் பேசினார்கள்.
வரைபடங்கள் ஏறின, இறங்கின,
தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியது.
குமாஸவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அது அவர் கோபம்.

வாகிஸாகா ட்ஸுனெஓ எழுந்து
செருப்பைக் கழற்றினார்.
கூட்ட மேசையில் ஏறி மல்லாந்து படுத்தார்.
“இப்படித்தான் விளையாடுவார்கள்.
இப்படித்தான் தூக்கம் வரும்.
பிறகு கை தளரும்.”

வெற்றுக் கூட்டுக்குள் ஈயத் துண்டு ஒட்டிய
இரண்டு மாதிரிகள்.
முகத்துக்கு மேலே ஒரு சாண்.
கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு விழுந்தது.
முனகினார், புருவத்தைத் தடவினார்,
எழுந்திருக்கவில்லை.

நானூற்று முப்பத்தொன்று விழுந்தது.

பல் உதட்டில் பட்ட சத்தத்தை
அந்த ஒலியறையில் அளந்தால்
எத்தனை டெசிபல் வருமோ.
யாரோ காகிதக் கைக்குட்டை நீட்டினார்கள்.
“தற்செயல்” என்றது பேட்டரி அணி, மெதுவாக.
அவர் மறுபடி படுத்தார்.
இந்த முறை மூக்கு.

குறிப்பேட்டில் மிஸுஎ
‘431 — ரத்தம்’ என்று எழுதினாள்.
மேலே வந்தபிறகு அதை அடித்துவிட்டு
‘431 — பயனர் அனுபவம் ஏற்புடையதல்ல’
என்று மாற்றினாள்.
அடித்த கோட்டுக்கு அடியில்
ரத்தம் இன்னும் படிக்கக்கூடியதாகவே இருந்தது.

எடை: ஏறத்தாழ 398 கிராம்.
நாற்பது நிமிடம் போனது போனதுதான்.
ஹொக்காய்தோவிலோ வேறெங்கோ
நீண்ட ரயில் பயணத்தில் ஒருவன்
கடைசிக் கட்டத்தில் திரை அணைந்து
எங்களைத் திட்டுவான்.
திட்டட்டும்.
அவன் உதடு முழுசாக இருக்கும்.

‘விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்’
என்ற வரியை வழக்கம்போல
மிகச் சின்ன எழுத்தில் சேர்த்தாள்.

மதியம் உணவகத்தில்
வாகிஸாகா மிஸோ சூப்புக் கிண்ணத்தை
வாயின் இடப்பக்கமாகச் சாய்த்துக் குடித்தார்.
உப்பு எரிந்திருக்கும்.
யாரும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை,
பேட்டரி அணியிலிருந்து ஒரு பையன் மட்டும்
தன் பங்கு ஆரஞ்சை உரித்து
அவர் தட்டில் வைத்துவிட்டுப் போனான்.
அதுவும் எரியும் என்று
அவனுக்குத் தோன்றவில்லை.

இரவு படுக்கையில்
மிஸுஎ போனை முகத்துக்கு நேரே பிடித்து
எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.
பாதியில் ஒருக்களித்துப் படுத்தாள்.