எனக்க

ரசலையனை அடக்கம் செய்த மூன்றாம் நாள்
மகள் ஜெஸிந்தா என் தையற்கடை வாசலில்
ஒரு அரிசிச் சாக்கை இறக்கி வைத்து,
"அப்பாக்க பேப்பர். நீங்க வச்சிருங்க" என்றாள்.
அவளுக்குத் திருவனந்தபுரம் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

இருபத்தாறு வருடம் கண்டக்டர்.
மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், மறுபடி கருங்கல்.
காதில் செருகிய பென்சில் இரண்டு வேலை பார்த்தது.
டிரிப் ஷீட்டின் முன்பக்கம்
முழு டிக்கெட், அரை டிக்கெட், மீன் கூடைக்கு லக்கேஜ்.
பின்பக்கம்
கூடைக்காரி டிரைவரை ஏசியது,
படியில் தொங்கிய ஒருவன்
தம்பியைப் பற்றிச் சொல்ல வந்து விழுங்கியது.
அப்படியே பதினொரு நாடகம்.

நான் நடித்ததில்லை.
அரண்மனை வரைந்த படுதாவுக்குப் பின்னால்
டார்ச் லைட்டோடு குத்தவைத்து
மறந்தவனுக்கு அடுத்த வார்த்தையை ஊதுவேன்.
ரசலையன் எழுதியதில் அரண்மனையே கிடையாது.
ரேஷன் கடை, போலீஸ் ஸ்டேஷன், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை.
வாடகைக்கு அந்த ஒரு படுதாதான் கிடைக்கும்.
ராஜா வீட்டுத் தூண்களுக்கு நடுவே
எங்கள் ஆட்கள் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினார்கள்.

ஒருதரம் சென்னைக்கு, போட்டிக்கு அனுப்பினார்.
திரும்பி வந்த பிரதியெல்லாம் சிவப்பு மை.
'எனக்க வீடு' அடித்து 'என்னுடைய வீடு'.
'எனக்க பிள்ளை' அடித்து 'என்னுடைய பிள்ளை'.
கடைசிப் பக்கத்தில்: கதை நன்று. தமிழில் எழுதவும்.
கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.
பையில் மீதிச் சில்லறை சரிபார்ப்பதுபோல
சிவப்புக் கோடுகளை இரண்டு தரம் எண்ணினார்.
நாற்பத்திரண்டு.

பிறகுதான் பாலப்பள்ளத்தில் அது நடந்தது.
வட்டி வாங்க வந்தவனிடம்
சேலை கட்டிய அற்புதராஜ்
"எனக்க வயிறு எரியுத தீயில நீ சாயா போடுத"
என்றதும் கைதட்டல்.
அடங்கும் முன்னே
பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்தாள்.
தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.
"ஓய் கண்டக்டரே, அது எனக்க வாக்கு."
ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
"வாரம் மூணு நாளு உமக்க பஸ்ஸிலதான் வாறேன்.
எடுத்தது எடுத்தீரு. முழுசா எடுத்தீரா?
அதுக்குப் பொறவு நான் ஒண்ணு சொன்னேனே."

அற்புதராஜ் என் பக்கம் பார்க்கிறான்.
என் காகிதத்தில் அடுத்த வரி வேறொருவனுடையது.
அன்றுதான்
ஊதுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லாமல் போனது.

ரசலையன் மேடை ஓரத்துக்கு வந்தார்.
டிக்கெட் கேட்பவர்போலக் கையை நீட்டி
"சொல்லுங்க" என்றார்.

"சரி, குடி. குடிச்சிட்டு
கிளாஸக் களுவி வச்சிட்டுப் போ."

யாரும் கைதட்டவில்லை.
முன்வரிசையில் ஒருவர் குனிந்து
வெகுநேரம் செருப்பைத் தேடினார்.

ஞானபாய் அவள் பேர்.
மேடைக்குப் பின்னால் வந்து ஐம்பது ரூபாய் கேட்டு வாங்கினாள்.
கிழிந்த பத்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்து
வேறு தரச் சொன்னாள்.
அடுத்த நோட்டீசில் கதை வசனம் என்ற இடத்தில்
இரண்டு பேர் இருந்தது. அச்சாபீஸ்காரர்
பிழையென்று நினைத்து இரண்டு தரம் கேட்டார்.

சாக்கைப் பிரித்து
எந்தப் பக்கம் படிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு தாளில், முன்னால்:
பாலப்பள்ளம் – கருங்கல், முழு ஒன்று, லக்கேஜ் ஒன்று.
பின்னால் 'ஞா.' என்று போட்டு ஒரு வரி.
பென்சில் மங்கிவிட்டது. பழைய டார்ச்சை அடித்துப் பார்த்தால்
'எனக்க' மட்டும் தெரிகிறது, மீதி இல்லை.
ஓரத்தில், இது அழுத்தி எழுதியது:
ஐம்பது. கொடுக்கணும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கல்லாவில் நல்ல நோட்டாகப் பார்த்து எடுக்கிறேன்.
மீன் கூடைகள் ஏறும் பஸ்
ஆறே காலுக்கு.