கிளியர்

என் வேலை பின்னால் நிற்பது.
பரஞ்சோதி கண்ணாடியில் என்னைத் தேடுவான்.
கையை ஆட்டி, கோஸ்தான், கோஸ்தான் என்பேன்,
லோரியின் இடுப்பில் இரண்டு தட்டு:
கிளியர்.

பதினேழு வருஷம் லாபிஸ் ஆலைப் பாதையில்
செம்பனைக் குலை ஏற்றி இறக்கி
இந்த ஒரு சொல்லில்தான் சோறு தின்கிறேன்.

சின்ன வயதில்
இது ஏதோ ஜனங்களின் பெயர் என்றிருந்தேன்.
ஆயர், எயினர், கிளியர்.
கிளி வளர்ப்பவர்கள், அல்லது
சொன்னதையே சொல்கிறவர்கள்.
இரண்டாவது அவ்வளவு தப்பில்லை.

"கிளியரா கேக்குதா?" என்பாள் குணவதி
ஜோகூர் பாரு ஃபேக்டரி வாசலிலிருந்து.
நாலாம் நிரைக்கு அப்பால் லைன் கிடையாது.
மரத்துக்கு மரம் நகர்ந்து பார்ப்பேன்,
கொரகொர, ஒரு பேருந்து, மறுபடி கொரகொர.
கேக்குது கேக்குது என்பேன்.
அப்படித்தான் ஒரு மாதம் தெரியாமல் போனது
அவள் இனி வரப்போவதில்லை என்று சொன்னது.

மோட்டார் கடனின் கடைசித் தவணை அன்று
ஆ கெங் சிவப்பு மையில் கோடு போட்டு
கிளியர் என்றார், கை கொடுத்தார்.
மோட்டார் ஓடாமல் நின்று அப்போது எட்டு மாதம்.

இருமலுக்குப் போனேன்.
டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கினாள்.
மட்டை விரித்ததுபோல் என் விலாக்கள்,
நடுவே கறுப்பு.
கிளியர், என்சே.
ஒன்றுமே இல்லையா?
ஒன்றுமே இல்லை.
இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டேன்.
நல்ல சேதி கேட்டு முகம் சுளித்த முதல் ஆள்
நானாகத்தான் இருப்பேன்.

தமிழில் தெளிவு என்கிறார்கள்.
தெளிய வேண்டுமென்றால்
முதலில் கலங்கியிருக்க வேண்டும்,
தண்ணீரோ, கண்ணோ, சனிக்கிழமை ராத்திரி பரஞ்சோதியோ.
கலங்காத எதுவும் தெளிந்ததில்லை.
இந்த இங்கிலீஷ் சொல்லுக்கு
அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது.
இன்னொன்று: விடிந்ததும் வாசலுக்கு நீர் இறைப்பதும்
தெளிப்பதுதான். ஆள் இருக்கிற வீட்டில்தான் அது நடக்கும்.

போன மாதம் கம்பெனிக் கடிதம்.
மூன்றாம் டிவிஷன்,
முப்பதாம் தேதிக்குள் கிளியர் செய்யப்படும்.
மரமா, வீடா, கோயிலா, எழுதவில்லை.
ஆபீஸ் ஜன்னலில் கூடி நின்று கேட்டோம்.
கிராணி ஞானப்பிரகாசம்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொண்டார், கடிதத்தை ஒருமுறை தடவினார்.
"கிளியராத்தானே போட்டிருக்கு" என்றார்.

இருபத்தொன்பதாம் தேதி குலை இல்லை.
மாரிக்கண்ணு வீட்டுச் சாமான் ஏற்றினோம்.
தையல் மெஷின், ஐஸ் பெட்டி,
மீன் இல்லாத மீன் தொட்டி,
எதற்கென்று அவளுக்கே தெரியாத ஒன்பது டயர்.
கதவையும் கழற்றிக்கொண்டாள்.
"கதவு என் காசு. சுவரை அவனே வச்சிக்கட்டும்."
பரஞ்சோதி சிரித்தான், பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து
போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

எப்போதும் ஏதாவது இருக்கும் பின்னால்.
நாய், சைக்கிள், காயப்போட்ட மிளகாய்,
சட்டையில்லாமல் ஓடும் ஒரு பொடியன்,
அதட்டி விரட்டிவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொல்வேன்.
இன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்.
லயம் முழுக்கக் கதவில்லாத வாசல்கள்.
கால்வாய் ஓரம் வரைக்கும்
வழியை மறிக்க ஒரு செருப்புகூட இல்லை.

என்ஜின் ஓடுகிறது.
கண்ணாடியில் அவன் கண்கள்.
கை தூக்கிவிட்டேன், தட்டவில்லை.
ஒரு ஹோன். இன்னொரு ஹோன்.
"என்னடா?" என்று தலையை நீட்டினான்.

"இரு," என்றேன்.
"பின்னால ஆளு இருக்கு."