லிண்டல் மட்டத்தில் ஒரு கணக்கு

தாளை நான்காய் மடித்து
சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு
டியூசன் கொடுக்கப் போய்விட்டாள் ஸஹ்மா.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங். நாலு வருடம், மாலபேயில்.
கட்டணம் முப்பத்திரண்டு லட்சம்.
அறையும் சாப்பாடும் மாதம் இருபத்தைந்தாயிரம்.
மடிக்கணினி ஒன்று.
நோன்புக்கும் பெருநாளைக்கும் வந்து போக
கல்முனை இரவு பஸ்.
வலப்பக்கம் கோடு போட்டு
வருமானம் என்று எழுதியிருந்தாள்.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை.
வெட்டுப்புள்ளிதான்
நகக்கண் அளவு தள்ளி நின்றது.

கடைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வெறும் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இராது.
மாமி மகன் ஜெஸீலுக்கு எடுத்துக் கேட்டேன்.
ஸ்கேன் மெசின் விற்கும் கம்பனியில்
இன்ஜினியர்மாரை ஏற்றி இறக்குகிற வேன் அவனுடையது.
"தொடக்கத்தில தொண்ணூறாயிரம் ராத்தா,
மூணு வருசம் நிண்டா ஒண்டரை லட்சம்.
கட்டார் போனா அது வேற கணக்கு.
ஆனா நடுச்சாமத்தில கோல் வரும்,
பதுளையில மெசின் நிண்டா பதுளைக்குத்தான்.
பொம்புளப் புள்ளைகள அனுப்புறாங்களா எண்டு
கேக்காதீங்க, ஒருத்தி இரிக்கா.
வேன்ல முன் சீட்டு அவடதான்."

மாதம் நாற்பதாயிரம் மிச்சம் பிடித்தால்
நாற்பத்து நாலு லட்சத்துக்கு
நூற்றிப் பத்து மாதம்.
(மடிக்கணினியைச் சேர்க்கவில்லை.
வட்டியை நினைக்கவே இல்லை.)
ஒன்பது வருடமும் இரண்டு மாதமும்.
படித்து முடிய இருபத்தைந்து,
கூட்டினால் முப்பத்து நாலு.
அந்த எண்ணை எழுதிவிட்டு
உம்மா பக்கம் வந்ததும்
விரலால் மூடிக்கொண்டேன்.

வளவின் பின்பக்கம்
ஸஹ்மாவின் வீடு நிற்கிறது.
ஜன்னலைத் தாண்டி ஏறி
லிண்டலோடு நின்று மூன்று மாரி.
கூரைக்கென்று வாப்பா சேர்த்தது பதினெட்டு லட்சம்.
மிச்சத்துக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது;
அதை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"வீடில்லாத புள்ளைய ஆர் கேட்டு வருவான்?"
உம்மா கேட்பது கேள்வியல்ல,
சாய்ந்தமருதில் அது விலைப்பட்டியல்.

அஸருக்குப் பிறகு மேசன் புஹாரி வந்தார்.
நீட்டிக்கொண்டிருந்த கம்பியில்
சுத்தியலால் ஒரு தட்டு.
செதில் செதிலாய் உதிர்ந்தது.
"கடக்காத்து. இந்த மாரிக்குள்ள மூடாட்டி
உடைச்சுத்தான் போடணும்."
வாப்பா கம்பியைப் பார்க்கவில்லை.
உதிர்ந்ததைச் செருப்பால் கூட்டி
ஓரமாய் ஒதுக்கினார்.

இரவு என் வீட்டு மேசையிலிருந்து
அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
என் வீடு. பதினொரு வருடத்துக்கு முன்
இருபத்தாறு லட்சம்.
அது உழைப்பது, முன்னறைத் தையல்காரர் தரும்
மாதம் ஆறாயிரம்.
பிரித்துப் பார்த்தேன்:
முப்பத்தாறு வருடமும் சொச்சமும்.
என் கலியாணத்துக்கு முன்
ஒருத்தரும் இதைத் தாளில் போடவில்லை.
நானும்தான்.
வீட்டிடம் யாரும் சம்பளம் கேட்பதில்லை,
ஒழுகாமல் நின்றால் போதும்.

ஸஹ்மா வந்தாள், விரலெல்லாம் சோக்குத் தூள்.
முன்பக்கத்தை வாசித்தாள்,
முப்பத்து நாலில் கொஞ்சம் நின்றாள்.
"பிழை ராத்தா.
ஒம்பது வருசமும் அதே நாப்பதாயிரமா?
சம்பளம் கூடாதா?"
"அரிசி விலை கூடாதா?" என்றேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது,
நிற்கவும் இல்லை, நீளவும் இல்லை.
பின்பக்கத்தை அவள் திருப்பவில்லை.
வெள்ளிக்கிழமை முதல் தவணை கட்ட வேண்டும்.

தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.
படங்கை இழுத்துக்கொண்டு
இருட்டில் பின்வளவுக்கு ஓடினோம்.
நான் ஒரு முனை, அவள் ஒரு முனை.
எந்தப் பக்கம் இழுத்தாலும்
படங்கு
ஒரு சுவருக்குத்தான் காணும்.