ஒதுக்கிய பக்கம்

பொய்ச் சங்கு ஊதியது ஜனவரியில்.
சாரி-பெல் கிராமத்தின் நாற்பத்தொரு வீடும்
கம்பளியும் குழந்தையுமாக மேட்டுக்கு ஏறிற்று.
பாதி வழியில், பனிமேல்,
ஒரு பசு கன்று ஈன்றது.
விடியும்வரை நின்றார்கள். ஏரி வரவில்லை.
"உறைந்து கிடக்கும் ஏரி எப்படியம்மா உடையும்?"
தொலைபேசியில் கேட்டான் லாரி ஓட்டும் தாலாய்பெக்.
கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.
குளிர் மட்டும்.

நரின் நகரில், இரண்டாம் மாடியில்,
பெகிமாய் பதிவுகளைப் புரட்டினாள்.
இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்று நாற்பத்து மூன்று.
எச்சரிக்கைக் கோடு இருநூற்று நாற்பது.

கழித்துப் பார்த்தாள்: முப்பத்திரண்டு.
தண்ணீர் இப்படிக் கச்சிதமாக ஏறாது.
தண்ணீருக்குக் கொஞ்சம் முன்பின் உண்டு.
முப்பத்திரண்டு இயந்திரத்தின் எண்,
ஐந்தாம் பிட்டின் எடை.

மலைமேல் இருக்கும் பலகைக்குச் சோதனை நிரல் அனுப்பினாள்.
ஒவ்வோர் அறையாகத் தட்டி
ஒன்றை எழுதி, வாசித்து,
பூஜ்யத்தை எழுதி, வாசித்து
ஆறு மணி நேரம் நடந்தது அது.
கோடிக்கணக்கான அறைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லின.
ஒன்று மட்டும்
ஒன்று எழுதினாலும் ஒன்று என்றது,
பூஜ்யம் எழுதினாலும் ஒன்று என்றது.
ஏரியின் அளவு அந்த அறையில் தங்க நேர்ந்த இரவில்தான்
ஊர் மேடேறியிருக்கிறது.

"பலகையை மாற்று" என்றது தலைமையகம்.
கணவாய் மே மாதம்வரை மூடல்.
புதுப் பலகை சுங்கக் கிடங்கில்,
யாரோ போடாத ஒரு கையெழுத்துக்கு அடியில்.

மிச்சமிருந்தது துவக்கி.
மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழித்து
மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சின்ன நிரல்.
எழுந்தவுடன் நினைவகத்தின் உச்சிக்குப் போய்
உட்கார்ந்துகொள்வது அதன் வழக்கம்.
கெட்ட அறை அதன் காலடியிலேயே இருந்தது.
முதலில் அதைக் கீழே இறக்கினாள்.
பிறகு நான்கு வரி:
இங்கிருந்து தொடங்கு,
இவ்வளவு நீளம்,
யாருக்கும் கொடுக்காதே,
எட்டிக்கூடப் பார்க்காதே.
ஒரு பிட்டுக்காக ஒரு முழுப் பக்கம்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
குற்றமற்ற அண்டை அறைகளும் சேர்ந்து அடைபட்டன.

ஒதுக்குவது என்கிறோம்.
விருந்தாளிக்கு இருக்கை ஒதுக்குவதும் அதுதான்,
ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்குவதும் அதுதான்.
எந்தப் பொருளில் எழுதினாள் என்று
இயந்திரம் கேட்கவில்லை.

மேசைமேல் அந்தப் பலகையின் இரட்டையில் ஓட்டிப் பார்த்தாள்.
ஓடியது. ஆனால் இரட்டைக்கு நோய் கிடையாதே.
மேலே அனுப்பினாள், இரவு பதினொன்றுக்கு.
தவறினால் மே வரை மலை ஊமை.
நான்கு நிமிடம்.
நகத்தைக் கடித்ததில் ரத்தம்.
ஐந்து.
இருநூற்றுப் பதினொன்று என்றது மலை.

ஜூலையில் மறுபடி சங்கு.
அவள் திரையிலும் அதே இருநூற்று நாற்பத்து மூன்று.
வயிறு கலங்க முகவரியைப் பார்த்தாள்.
ஒதுக்கிய பக்கம் அல்ல. நல்ல அறை.
உண்மையான தண்ணீர்.

சாரி-பெலில் சிலர் எழுந்தார்கள்.
சிலர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.
ஜனவரி இரவு ஊருக்குள் ஓர் அறையில் ஒட்டியிருந்தது.
எதை எழுதினாலும் பொய் என்றே வாசித்தது.
அதைச் சுற்றிப் போக
அவளிடம் நான்கு வரி இல்லை.
தொலைபேசி எண் ஒன்று இருந்தது.

"தாலாய்பெக், இந்த முறை நிஜம்."

அவன் ஒன்றும் கேட்கவில்லை.
லாரி உறுமியது அவள் காதில்.
பிறகு ஹாரன்,
வீடு வீடாக, கையை எடுக்காமல்.
அதற்கும் பின்னால், மேட்டுப் பக்கமிருந்து,
ஆறு மாதக் கன்று ஒன்றின் குரல்.
அது முன்பே ஏறிப் போயிருந்தது.