ரவை

வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றுக்குப் போகும்போது
தராசின் முள் நடுங்குகிறது.
மைத்தே உருட்டியா கைகட்டி நிற்கிறாள்.
துணி முதலில், மருந்து பிறகு
என்பது இந்த அறையின் சட்டம்.

மேசை என்று அவள் சொல்வது
பள்ளிக்கூடத்தை இடித்தபோது
இருபது டாலருக்கு வாங்கிய கதவு.
கைப்பிடி இருந்த ஓட்டையில்
புனலின் காம்பு கச்சிதமாக நிற்கிறது.
சுவரோடு நான்கு போல்ட்.
இருந்தும் பிரஸ்ஸின் நெம்புகோலை அழுத்தினால்
வீடே ஒருதரம் முனகுகிறது
என்கிறான் டெல்பர்ட், கொஞ்சம் கூட்டி.

ஐடஹோ மலைச்சரிவில் சின்ன மருத்துவமனை,
அவளுக்கு இரவுப் பணி.
அங்கேயும் மருந்துதான் அளக்கிறாள்.
அங்கே இன்னொரு நர்ஸ் எட்டிப் பார்த்து
சரி என்று கையெழுத்திட வேண்டும்.
இங்கே சாட்சிக்கு
கொடியில் தொங்கும் டெல்பர்டின் காலுறைகள்.

துப்பாக்கி அடகுக்கடையில் கிடைத்தது.
யாரோ அதன் அறையைக் குடைந்து
தோளைக் கூராக்கி வைத்திருக்கிறான்,
ஏன் என்று எழுதி வைக்காமல்.
கடையில் விற்கும் தோட்டா அதற்குள்
அண்ணன் சட்டைக்குள் தம்பிபோல் நிற்கும்.
பித்தளையைச் சட்டைக்கு வளர்க்க வேண்டும்.
வளர்க்க நெருப்பு வேண்டும்.

அதற்கு அவள் எடுத்தது
மகளின் காலைக்கஞ்சிக்கு வைத்திருந்த ரவையை.
அடியில் கொஞ்சம் மருந்து,
மேலே கழுத்துவரை ரவை,
வாயை அடைக்க மெழுகு.
ஈயம் இல்லை, செம்பு இல்லை.

இதைத் தமிழில் சொல்லவந்த எனக்கு
இந்த இடத்தில் ஒரு சங்கடம்.
உப்புமா கிண்டுவதும் ரவை,
உடம்பைத் துளைப்பதும் ரவை.
ரவைக்குப் பதில் ரவை போட்டாள் என்றால்
நீங்கள் சிரிப்பீர்கள்.
மைத்தேயிடம் பாஸ்க், ஆங்கிலம் என்று இரண்டு மொழி,
இரண்டிலும் இந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

மார்ச் மாதம். கொட்டிலுக்குப் பின்னால்
குழலை வானத்துக்கு நிமிர்த்தி
ஒவ்வொன்றாக நாற்பது.
சத்தம் பாதிதான். தீய்ந்த வாசம் முழுசு.
குதிரை முதல் இரண்டுக்குக் காதைத் திருப்பியது,
பிறகு வைக்கோல்தான் முக்கியம்.
பனியின்மேல் கருந்தூள் உதிர்ந்தது.
ஒரு பறவை வந்து கொத்திப் பார்த்து
அலகைத் துடைத்துக்கொண்டு போனது.

கூடு வெளியே வரும்போது
தோள் நிமிர்ந்திருக்கிறது.
கரியைத் துடைத்து விரலால் தடவுகிறாள்:
கழுத்துக்குக் கீழே சரிவாக இருந்தது
இப்போது ஒரு படி.
இனி இந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான்,
வேறெதிலும் நுழையாது.

மூன்று கூடு பிளந்துபோனது.
சூடுகாட்டிக் கழுத்தை இளக்காமல்
அவள் விட்ட மூன்று.
ஊறுகாய் பாட்டிலில் போட்டு
‘அவசரம்’ என்று சீட்டு ஒட்டினாள்.

அக்டோபரில் நான்கு நாள் மலையில் இருந்தாள்.
நான்காம் நாள் அந்தி, ஒரு பெண் எல்க்
எதிர்ச்சரிவில், தலையைத் தூக்கி.
பார்த்தாள். தூரம்.
இன்னும் பார்த்தாள். தூரம்தான்.
போல்ட்டைத் திறந்து
தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மெஷினுக்குள்
டக், டக் என்று ஒரு சத்தம்.
டெல்பர்ட் கைவிட்டு எடுத்தான்:
லாவெண்டர் மணக்க, புதுக் குத்துவிளக்காக ஒரு தோட்டா.
‘இதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு.’

தரையில் விழுந்த மாத்திரையைத் துடைத்து
யாருக்கும் கொடுப்பதில்லை.
அவள் இதைச் சொல்லவில்லை.
தோட்டாவைச் சுத்தியலின் வயிற்றுக்குள் வைத்து
சிமெண்டுத் தரையில் மூன்று தட்டு.
முனை கழன்றது. மருந்தைப் பார்த்தாள்:
ஒரு பொட்டு ஈரமில்லை.
இருந்தாலும் ரோஜாச்செடியைச் சுற்றிக் கொட்டினாள்.
கூட்டை மட்டும் கழுவி
மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தினாள்.

சமையலறையிலிருந்து மகள் கத்துகிறாள்,
டப்பா காலி என்று.
மைத்தே பென்சிலை எடுத்து
கதவின்மேலேயே எழுதுகிறாள்:
பால்
துணி சோப்பு
ரவை.

எந்த ரவை என்று
நான்தான் விளக்க வேண்டும்.
விளக்கப் போவதில்லை.