சுவர் வேர்க்கும் பக்கம்

மொபீல் நகரம், அலபாமா. ஆகஸ்ட்.
காலை ஐந்தரைக்கே பரணில் ஏறிவிட வேண்டும்.
ஒன்பதானால் நூற்று முப்பது டிகிரி.
பத்துக்கு மேலும் உள்ளே இருப்பவன்
புழுங்கல் அரிசி.

வெர்லீன் பெட்டவேயின் வீடு
தொண்ணூற்றெட்டு வயதுப் பைன் பலகை.
மூன்று முறை கூரை மாற்றிவிட்டார்.
மூன்று கூரைக்காரர்களும்
இனி ஒரு சொட்டு இறங்காது என்று
காசோலையின் மேல் சத்தியம் செய்தார்கள்.
படுக்கையறைச் சுவரில் தட்டகலக் கறை
கோடைதோறும் கொஞ்சம் பெருத்தது,
மழையே காணாத ஜூனிலும்.

விரலால் அழுத்தினேன்.
ஊறிய ரொட்டியாய் உள்வாங்கியது.

"குழாய் உடைந்திருக்குமோ?"
"அந்தச் சுவரில் குழாயே இல்லை, அம்மா."
"பிறகு?"
அவர் கையில் ஐஸ் போட்ட தேநீர்.
தம்ளரின் வெளிப்புறம் பொடிப்பொடியாய் அரும்பி
மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது.
"இந்தத் தண்ணீர் எங்கிருந்து?"
தூக்கி அடியில் பார்த்தார். ஓட்டை இல்லை.
என்னைப் பார்த்தார், பிறகு சுவரை.
"என் வீடு ஒரு தம்ளர் என்கிறாய்."

எவரிஸ்தோவும் நானும் பலகையை நெம்பினோம்.
உள்ளே பிளாஸ்டிக் தாள்,
அறைப் பக்கமாய், ஒரு சுருக்கம் இல்லாமல்,
ஒவ்வொரு மரக்கட்டையிலும் வரிசையாய்ப் பின் அடித்து.
செய்தவன் கெட்டிக்காரன்.
பனி கொட்டும் ஊரில் தொழில் கற்றவன்.
அங்கே ஈரம் வீட்டிலிருந்து வெளியே கிளம்பும்:
சூப், குளியல், ஆறு பேர் மூச்சு.
இது வளைகுடா. இங்கே தெருதான் ஈரம்.
பலகை இடுக்கில் நுழைந்து
ஏசியில் சில்லிட்ட தாளைத் தொட்டதும்
நீராகி அங்கேயே உட்கார்ந்துவிடும்.
இருபத்திரண்டு வருடம்
சரியான வேலையைத் தவறான ஊரில்
பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தாள்.

அதற்கு முந்தைய எழுபத்தாறு வருடமும்
சுவருக்குள் வெறும் காற்று.
நனைந்தது, உலர்ந்தது, நனைந்தது.
மரம் பிழைத்தது;
மனிதர்கள் வெந்தார்கள்.

குளியலறைக்குப் பின்னால் சவர பிளேடுகள்.
மருந்துப் பெட்டியின் முதுகில் ஒரு கீறல் விட்டிருந்தார்கள்,
மழுங்கியதைப் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும்,
அத்தோடு கவலை தீர்ந்தது.
எவரிஸ்தோ எண்ண ஆரம்பித்து
நூற்றெழுபதில் விட்டுவிட்டான்.
"உங்கள் வீட்டுக்காரருடையதா?"
"அவருக்கு மார்பு வரை தாடி.
இது எனக்கு முன்னே இருந்தவர்களின் குப்பை.
எடுத்துப்போ."

(போன மாதம் ஒரு மரச்சாமான் கடை.
தகரக் கூரை, இருபது டன் ஏசி,
பொய்க்கூரை அட்டைகள் நனைந்து நனைந்து
சோபாக்களின் மேல் விழுந்துகொண்டிருந்தன.
இன்னும் பெரிய ஏசி போடப் போகிறேன்
என்றார் முதலாளி.
அந்தக் கதை வேண்டாம்.)

பிறகு குழாய். லாரியில் இயந்திரம் இரைந்தது.
அரைத்த செய்தித்தாள், போராக்ஸ் கலந்தது,
கரப்பானுக்கும் ஆகாது, நெருப்புக்கும் ஆகாது;
சாம்பல் பஞ்சாய்ப் புகுந்து இறுகியது.
ஒரு துணுக்கு வெர்லீன் காலடியில் விழுந்தது.
மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தார்:
மறைவுக்குப் பின் இரண்டு படகுகள் விலை பேசி...
"மீதி?"
"சுவருக்குள், அம்மா."

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொரு டாலர் மின்கட்டணம்
இருநூற்று இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.
மரத்தில் ஊசியைக் குத்தினேன்: பன்னிரண்டு சதவீதம்.
இந்த ஊரில் அதைவிடக் காய்ந்தது
பைபிள் காகிதம்கூடக் கிடையாது.

ஆனால் தூக்கம் வரவில்லை என்றார்.
"ரெண்டு மணி சரக்கு ரயிலை நிறுத்திவிட்டார்கள் போல."
நிறுத்தவில்லை. சுவர் விழுங்குகிறது.
சொன்னேன்.
அப்படியானால் சரி என்று
அன்றிரவே தலைமாட்டு ஜன்னலை
நான்கு விரல் திறந்துவிட்டாராம்.

கணக்கெல்லாம் எடுத்துச் சொன்னேன்,
மணிக்கு எத்தனை கன அடி,
ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர்.
தேநீரை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டார்,
அடுத்தவர் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதுபோல.

வண்டியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.
காற்றுக் கசிவு: ஒன்று.
அகலம்: நான்கு விரல்.
நேரம்: இரவு இரண்டு மணி.
பரிந்துரை: அடைக்க வேண்டாம்.